மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு பிழைக்க வேண்டும்

2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வரி நிலுவைக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித் துறை முடக்கியது. அதே காலகட்டத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கேட்டுப் போராடினார்கள். சென்னையில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவர் வராமலேயே 2 ஆண்டுகள் கடந்தன. இந்தச் செய்திகளில் சம்பளம் பேசப்பட்டது, அதிகாரம் பேசப்பட்டது, வழக்கு பேசப்பட்டது. அந்த வளாகங்களில் நடந்திருக்க வேண்டிய ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று அதிகம் பேர் கேட்கவில்லை.

பல்கலைக்கழகம் என்றால் தேர்வு நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. ஹால் டிக்கெட், மறுமதிப்பீடு, பட்டச் சான்றிதழ் ஆகியவற்றுக்காகத்தான் பெரும்பாலான குடும்பங்கள் அதன் வாசலை மிதிக்கின்றன. ஆனால், அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. இதுவரை யாருக்கும் தெரியாத ஒன்றைக் கண்டறிவதும், அப்படிக் கண்டறியத் தெரிந்த மனிதர்களை உருவாக்குவதும் அதன் பொறுப்பு.

இந்த இரண்டாவது வேலை நின்றுபோனால் மறுநாள் யாருக்கும் தெரியாது. தேர்வுத் தாள் திருத்துவது தாமதமானால் போராட்டம் நடக்கும். ஓர் ஆய்வகம் மூடப்பட்டால் யாரும் சாலைக்கு வர மாட்டார்கள். அதன் விலையை 15, 20 ஆண்டுகள் கழித்து வேறு யாரோ கொடுப்பார்கள்.

ஐஐடி போன்ற சில உயர்நிலை நிறுவனங்களில் ஆராய்ச்சி நடந்தால் போதும், மாநிலப் பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தினால் போதும் என்று ஒரு வாதம் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிக்கும் இடத்தில் ஆய்வும் நடக்க வேண்டும். அதற்கான மரபு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

75 ரூபாய் கொடுத்த பல்கலைக்கழகம்

1912-இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு எழுத்தராக வேலை பார்த்தவர் சீனிவாச ராமானுஜன். கையில் பட்டம் இல்லை. வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில்தான் கணிதம். 1913 மே மாதம் முதல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது. பாடம் நடத்தச் சொல்லவில்லை. தேர்வு எழுதச் சொல்லவில்லை. 3 மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு அறிக்கை தர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. அப்படி அவர் கொடுத்த அறிக்கைகளைக் கணித அறிஞர்கள் பின்னாளில் விரிவாக ஆராய்ந்து விளக்கியிருக்கிறார்கள்.

ராமானுஜன் கதையை நாம் கேம்பிரிட்ஜிலிருந்துதான் தொடங்குகிறோம். அதற்கு முன்னால், பட்டமில்லாத ஓர் இளைஞருக்கு விதியை வளைத்துப் பணம் கொடுக்க இங்கே பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் முன்வந்தது. அந்தத் துணிச்சலை நாம் போதிய அளவு கொண்டாடவில்லை.

அடுத்த கதை 1952-இல் தொடங்குகிறது. ஏ.லட்சுமணசாமி முதலியார் அப்போது துணைவேந்தர். புதிய இயற்பியல் துறைக்குத் தலைவராக அவர் முதலில் அழைத்தது சர் சி.வி.ராமனை. ராமன் தனக்குப் பதிலாகத் தன் மாணவர் ஜி.என்.ராமச்சந்திரனைக் கைகாட்டினார். முப்பது வயதுகூட நிறைந்திராத ஒருவரிடம் ஒரு துறையே ஒப்படைக்கப்பட்டது.

ராமச்சந்திரன் எடுத்துக்கொண்ட கேள்வி, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் என்ன என்பது. நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது அது. பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோலின் அடிப்படைப் பொருளே கொலாஜன்தான் என்பதால், ஆய்வுக்கான மாதிரியும் நிபுணர்களின் ஆலோசனையும் நடந்துபோகும் தூரத்தில் கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, மூன்று இழைகள் முறுக்கிக்கொண்ட வடிவம் அது என்று 1954-இல் ‘நேச்சர்’ இதழில் ராமச்சந்திரன் எழுதினார். மறு ஆண்டே அதைத் திருத்தி மேம்படுத்தினார்.

வெளிநாட்டு விஞ்ஞானிகள் அதை விமர்சித்தார்கள். டிஎன்ஏ புகழ் பிரான்சிஸ் கிரிக்கும் அவர்களில் ஒருவர். அணுக்கள் ஒன்றையொன்று அவ்வளவு நெருங்க முடியாது என்பது அவர்களுடைய ஆட்சேபம். அப்படியானால் எவ்வளவு நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளை எல்லாம் சலித்துப் பார்த்து, அந்த எல்லையைக் கணக்கிடத் தொடங்கினார் ராமச்சந்திரன். அவருடன் உழைத்தவர்கள் வி.சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன். 1963-இல் மூவரும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்ததுதான் ‘ராமச்சந்திரன் வரைபடம்’.

ஒரு புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்க முடியாது என்று காட்டும் படம் அது. இன்றைக்கும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது சரிதானா என்று சோதிக்கும் முதன்மையான அளவுகோல்களில் ஒன்று அந்தப் படம். புது மருந்து வடிவமைப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். உயிர்வேதியியல் பாடநூல்களில் அது இருக்கிறது. புரத வடிவமைப்புக்கும் கணினி வழியாகப் புரத வடிவத்தைக் கணிப்பதற்கும் 2024-இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்த அறிவுத் துறைக்குக் கிண்டியிலிருந்து போன பங்கு இது.

இதற்கு வேண்டியிருந்தவை எவை என்று பார்த்தால், எதுவும் ஆடம்பரமானதில்லை. நிரந்தரப் பணியில் ஒரு பேராசிரியர், முழுநேர ஆய்வு மாணவர்கள், பக்கத்தில் இன்னோர் ஆய்வு நிறுவனம், விடை தெரியாத கேள்வியோடு 10 ஆண்டுகள் மல்லாட அவகாசம் இருந்தன. அவசரப்படுத்தாத நிர்வாகமும் இருந்தது. லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தர் பொறுப்பில் 1942 முதல் 1969 வரை இருந்தார். 1971-இல் ராமச்சந்திரன் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்துக்குப் போய், மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவைத் தொடங்கினார். தமிழ்நாடு இழந்த அந்தக் குழு அங்கே ஒரு தலைமுறையை வளர்த்தது.

தண்ணீரில் மூச்சடக்கும் நெல்

புரத வடிவம் என்பது சாதாரண மக்களுக்கு எட்டாத சங்கதி என்று தோன்றலாம். வயலில் இறங்கிப் பார்ப்போம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரிப் படுகையில் சம்பா பயிர் மூழ்குவது ஆண்டுதோறும் நாம் பார்க்கும் காட்சி. வடிகால் அடைத்துக்கொண்டால் பயிர் ஒரு வாரத்துக்கும் மேல் தண்ணீருக்குள் கிடக்கும். சாதாரண நெல் என்ன செய்யும் என்றால், காற்றை எட்டிப்பிடிக்க அவசர அவசரமாக உயரும். அந்த முயற்சியிலேயே சேமித்துவைத்த சத்தெல்லாம் தீர்ந்துபோகும். தண்ணீர் வடியும்போது பயிர் துவண்டு அழுகியிருக்கும்.

ஒடிசாவின் பாரம்பரிய நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம் வேறு மாதிரி. மூழ்கியதும் அது வளர்ச்சியை நிறுத்தி, சத்தைச் செலவழிக்காமல் காத்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மறுபடி துளிர்க்கும். ஆனால் விளைச்சல் குறைவு என்பதால் விவசாயிகள் அதை விரும்பவில்லை. இந்தக் குணம் எந்த மரபணுவில் இருக்கிறது என்பதைத் தேடும் வேலையில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும், பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனமும் ஈடுபட்டன. எந்தப் பகுதியில் இருக்கிறது என்று 1990-களின் நடுவில் தெரிந்தது. எந்த மரபணு என்று உறுதியானது 2006-இல்.

நம் படுகை விவசாயிகளுக்குப் பிடித்த நீண்டகாலச் சம்பா ரகம் சி.ஆர். 1009, பொன்மணி என்பார்கள். அதில் இந்தக் குணத்தைக் கொண்டுவந்து ‘சி.ஆர். 1009 சப் 1’ என்ற ரகமாகக் கொடுத்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். திரும்பத் திரும்பக் கலப்புச் செய்து, ஒவ்வொரு தலைமுறையிலும் நாற்றின் இலைத் துணுக்கை எடுத்து மரபணு வந்திருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்த்து, மற்ற குணமெல்லாம் பழைய பொன்மணியாகவே இருக்கும்வரை சலித்தெடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை அது. விளைவு, ஏறத்தாழ 2 வாரம் மூழ்கினாலும் மீண்டெழும் பயிர்.

இதை ஒரு தனியார் விதை நிறுவனம் செய்திருக்குமா? இது வீரிய ஒட்டு ரகமில்லை. ஒருமுறை வாங்கிய விவசாயி அடுத்த ஆண்டு தன் வயலிலிருந்தே விதை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்து ஊர்க்காரருக்கும் கொடுக்கலாம். விற்பவருக்கு அதில் தொடர்ந்து லாபம் இல்லை. மக்களுக்கு லாபமும் முதலீட்டாளருக்கு நஷ்டமுமான இத்தகைய வேலைகளுக்காகத்தான் பொதுப்பணத்தில் பல்கலைக்கழகம் நடத்துகிறோம்.

வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாக்குப்பிடித்து நிற்பதற்கு அதன் அமைப்பும் ஒரு காரணம். பாடம் நடத்துவது, ஆய்வு செய்வது, அதை விவசாயியிடம் கொண்டுசேர்ப்பது ஆகிய மூன்றும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆடுதுறையில் ஆய்வு நிலையம் 1922 முதல் இருக்கிறது. குறுவைக்கு அங்கிருந்து வந்த ஏ.டி.டி. ரகங்களின் எண்களைத் தஞ்சை விவசாயிகள் பேரப்பிள்ளைகளின் பெயர்போலச் சொல்வார்கள். மற்ற துறைகளில் இந்த மூன்றாவது கால் நமக்கு முளைக்கவே இல்லை.

பரங்கிப்பேட்டையில் கிடைத்த விடை

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு எல்லோரும் கேட்ட கேள்வி, சில கிராமங்கள் அழிய, பக்கத்திலேயே சில கிராமங்கள் ஏன் தப்பின என்பது. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் பல ஆண்டுகளாக இருந்தது. பிச்சாவரம் அலையாத்திக் காடுகளை நன்கு அறிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்கள் 18 மீனவக் குடியிருப்புகளைக் கணக்கெடுத்து, கடலோரத் தாவரங்கள் இருந்த இடங்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005-இல் வெளியிட்டார்கள்.

அந்தக் கணக்கை மற்ற ஆய்வாளர்கள் மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு மேடு என்பவைதான் பெரும்பகுதியை விளக்குகின்றன, மரங்களின் பங்கு அவ்வளவு தெளிவில்லை என்றார்கள். இந்த விவாதம் நல்லது. காடு வளர்த்தால் மட்டும் போதாது, குடியிருப்பை மேட்டுக்கும் மாற்ற வேண்டும் என்று திட்டமிடுபவருக்குத் தெரிவதற்கு இத்தகைய வாதப் பிரதிவாதம்தான் வழி.

இதில் நான் கவனிப்பது வேறொன்று. பேரிடர் வந்த பிறகு விளம்பரம் கொடுத்து நிபுணர்களை வேலைக்கு எடுக்க முடியாது. அந்தக் கரையின் சேறும் நண்டும் மரமும் தெரிந்தவர்கள் முன்பே அங்கே இருக்க வேண்டும். அன்றாடம் யாருக்கும் பயன்படாததுபோலத் தோன்றும் ஒரு மையத்தை ஏன் நடத்த வேண்டும் என்று கேட்டு 1990-களில் அதை மூடியிருந்தால், அந்தக் கிராமங்களைப் பற்றி நமக்கு இவ்வளவு விரைவில் எந்தக் கணக்கும் கிடைத்திருக்காது.

சமணர் மலைக் குகையும் முதல் தலைமுறை மாணவரும்

உயர்கல்விக்குச் செல்லும் வயதினரில் தமிழ்நாட்டில் 47 சதவீதம் பேர் கல்லூரிகளில் சேர்கிறார்கள். நாடு முழுவதற்குமான சராசரி 28.4. இது 2021-22 கணக்கு. நாம் பெருமைப்பட வேண்டிய எண் இது. ஆனால், இந்தப் பிள்ளைகளில் ஐஐடி வளாகத்துக்குள் நுழைபவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு ஆராய்ச்சி என்றால் என்னவென்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு, அவர்கள் ஊர்ப்பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தால்தான் உண்டு.

அப்படி ஒரு வாய்ப்பு மதுரையில் இருந்தது. ஜெர்மனியில் பணியாற்றிவிட்டு 1970-களில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த எம்.கே.சந்திரசேகரன், உயிர்களின் உள்ளே ஓடும் கடிகாரத்தை ஆராய்ந்தார். அவருக்கு ஆய்வகமானது பல்கலைக்கழகத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சமணர் மலைக் குகை. பகல் இரவு தெரியாத இருட்டில் தொங்கும் வௌவால்களுக்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரிகிறது?

கூண்டில் அடைத்த வௌவாலைக் குகைக்குள் வைத்துப் பார்த்தார்கள். சுதந்திரமாகப் பறக்கும் கூட்டம் போய்வரும் நேரத்தைக் கொண்டே அது தன் நேரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டம் இல்லாத குகையில் அதன் நேரம் மெல்ல நழுவியது. ஜி.மாரிமுத்து, ஆர்.சுப்பராஜ் ஆகியோரும் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வு 1978-இல் ஜெர்மன் அறிவியல் இதழில் வெளியானது. மனிதர்களை வெளியுலகத் தொடர்பில்லாத அறையில் தங்கவைத்து அவர்களின் உறக்க நேரத்தை ஆராயும் வசதியும் அங்கே உருவானது. உயிர்க் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக 2017-இல் மூன்று அமெரிக்க அறிஞர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, மதுரையில் படித்தவர்களுக்கு அந்தத் துறை புதிதாக இருக்கவில்லை.

இரவுப்பணி பார்ப்பவர்களின் உடல்நலம் பற்றி நமக்கு இன்று தெரிந்திருப்பதற்கு இதே துறைதான் அடிப்படை. சமணர் மலை அடிவாரத்துக் கீழக்குயில்குடிப் பக்கத்து மாணவர் ஒருவர், தன் ஊர்க் குகையில் உலகத்துக்கே புதிய ஒரு கேள்வியைக் கேட்கலாம் என்று அறிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! முனைவர் பட்ட ஆய்வு கற்றுக்கொடுப்பது அதைத்தான். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும், அளந்து பார்க்கவும், தன் முடிவைத் தானே சந்தேகிக்கவும் பழகிய ஒருவர் பேராசிரியராகத்தான் ஆக வேண்டும் என்றில்லை. மருந்துத் தொழிற்சாலையிலோ, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலோ, மேல்நிலைப் பள்ளியிலோ இருந்தாலும் அந்தப் பழக்கம் வேலை செய்யும்.

புதிய தொழில்களுக்கும் இதே கதைதான். ஐஐடி சென்னையின் ஆராய்ச்சிப் பூங்காவைப் பாருங்கள். மின் ஸ்கூட்டர் தயாரிக்கும் ஏத்தர் நிறுவனத்தை 2013-இல் தொடங்கியவர்கள் ஐஐடி சென்னையில் படித்தவர்கள். அங்கே வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் வார்த்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவியது. பேராசிரியரும் மாணவரும் தொழில்முனைவோரும் ஒரே கேன்டீனில் தேநீர் குடிக்கும் இடத்தில் இது சாத்தியமாகிறது.

மாநிலப் பல்கலைக்கழகத்தால் இது முடியாது என்று சொல்ல ஆதாரமில்லை. இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘அனுசாட்’ 2009 ஏப்ரலில் விண்ணுக்குப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அதுதான்.

முடிச்சு எங்கே இறுகியது?

முதலில் பணம். 2020-21 கணக்குப்படி இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிட்டது நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கு மேலும், தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேலும் செலவிடுகின்றன. நம்முடைய அந்தச் சிறு தொகையிலும் உயர்கல்வி நிறுவனங்கள் வழியாகச் செலவாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதையும் மத்திய நிறுவனங்கள் எடுத்துக்கொண்ட பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது சொற்பம்.

தேர்வுக் கட்டணம், கல்லூரி இணைப்புக் கட்டணம், தொலைநிலைக் கல்வி ஆகியவற்றால்தான் பழைய பல்கலைக்கழகங்கள் காலம் தள்ளின. தொலைநிலைக் கல்வி வருமானம் சுருங்கியது. தணிக்கை ஆட்சேபணைகளால் அரசு நல்கையிலும் வெட்டு விழுந்தது. ஓய்வூதியச் சுமை மட்டும் ஆண்டுதோறும் ஏறுகிறது. இந்த மூன்றுக்கும் நடுவே ஆய்வகத்துக்கான ரசாயனம் வாங்கும் கோப்பு பதிவாளர் மேசையில் கடைசியாக வைக்கப்படுவதில் வியப்பில்லை.

அடுத்தது ஆள். ஓய்வுபெறும் பேராசிரியரின் இடம் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களை வைத்து வகுப்பு நடக்கிறது. அடுத்த ஆண்டு வேலை இருக்குமா என்று தெரியாதவர் 5 ஆண்டு ஆய்வுக்குத் திட்டமிட முடியாது, நெறியாளராகவும் முடியாது. புதிதாகச் சேரும் ஆய்வு மாணவருக்கு நெறியாளரே கிடைக்காத துறைகள் உருவாகின்றன.

மாணவர் நிலைமை இன்னும் வேதனை. நெட் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது விதி. அது மாதக்கணக்கில் தாமதமாவது வழக்கமாகிவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் அந்தத் தகுதி இல்லாத ஆய்வு மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய் உண்டு. மாநிலப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு அதுவும் இல்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல், வீட்டிலிருந்து பணம் கேட்டு வாங்கும் நிலையில் எத்தனை பேர் தாக்குப்பிடிப்பார்கள்? பெண்களுக்கு அதோடு கல்யாணப் பேச்சின் நெருக்கடியும் சேர்ந்துகொள்கிறது. படிப்பை நிறுத்துபவர்கள் திறமை இல்லாதவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கையில் வசதி இல்லாதவர்கள்தான் முதலில் வெளியேறுகிறார்கள்.

பல்கலைக்கழகங்களின் சொந்தத் தவறுகளையும் மறைக்க வேண்டியதில்லை. உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் 2018-இல் கோவையில் துணைவேந்தர் ஒருவரே கைதானார். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகியதற்கு, முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயம் என்றிருந்த விதியும் ஒரு காரணம். 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அந்தக் கட்டாயத்தை நீக்கியது. என்றாலும், எத்தனை கட்டுரை என்று எண்ணிப் பார்த்துப் பதவி உயர்வு தரும் பழக்கம் போகவில்லை. ‘இவர்களுக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்?’ என்று வரி கட்டுபவர் கேட்டால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கான மருந்து ஆய்வை நிறுத்துவதில் இல்லை.

என்ன செய்யலாம்?

ஓய்வூதியப் பொறுப்பை மாநிலப் பல்கலைக்கழகங்களின் தோளிலிருந்து எடுத்து, அரசு ஊழியர்களுக்குப் போலக் கருவூலத்தின் வழியே வழங்க வேண்டும். இந்த ஒரு முடிவு எடுக்கப்படாதவரை, அரசு கொடுக்கும் எந்தக் கூடுதல் பணமும் ஆய்வகத்தை எட்டாது.

துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரம் மாநில அரசிடம் இருக்க வேண்டுமா, ஆளுநரிடமா என்பதை நீதிமன்றங்கள் முடிவு செய்யட்டும். யாரிடம் இருந்தாலும், பதவிக்காலம் முடிவதற்கு 6 மாதம் முன்பே தேடுதல் குழு வேலையைத் தொடங்க வேண்டும், இன்ன தேதிக்குள் நியமனம் முடிய வேண்டும் என்று காலக்கெடுவைச் சட்டத்திலேயே எழுதிவிடலாம். இதில் அரசுக்கும் ஆளுநருக்கும் கருத்து வேறுபட இடமில்லை.

ஆசிரியர் நியமனம் ஆண்டுக்கொரு முறை, அறிவித்த நாளில் நடக்க வேண்டும். நேர்காணல் குழுவில் பெரும்பான்மையினர் வெளி மாநில நிபுணர்களாக இருக்கட்டும். விண்ணப்பித்தவர்களின் ஆய்வுப் பணியும் பெற்ற மதிப்பெண்ணும் இணையத்தில் வெளியாகட்டும். தேர்வாகும் இளம் ஆசிரியருக்கு முதல் 3 ஆண்டுகளுக்கு ஒரு தொடக்க நிதியும், குறைந்த வகுப்புச் சுமையும் தர வேண்டும். 1952-இல் ராமச்சந்திரனுக்குக் கிடைத்த அவகாசத்தில் பாதியாவது இன்றைய முப்பது வயதுக்காரருக்குக் கிடைக்க வேண்டாமா?

முழுநேர ஆய்வு மாணவர் ஒவ்வொருவருக்கும் உதவித்தொகை உறுதி என்ற நிலை வர வேண்டும். பணம் போதாது என்றால், சேர்க்கை எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்வோம். 100 பேரைப் பட்டினி போட்டு எழுதவைக்கும் ஆய்வேடுகளைவிட, 40 பேர் நிம்மதியாகச் செய்யும் ஆய்வு மேலானது. அந்தப் பணமும் அரசு ஊழியர் சம்பளம்போல மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழ வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொரு துறையும் தனித்தனியே வாங்கிப் பூட்டிவைப்பது வீண். கருவி வாங்க மத்தியத் திட்டங்களில் பணம் கிடைத்தாலும், அது பழுதானால் சரிசெய்யப் பணம் கிடைப்பதில்லை. சென்னை, திருச்சி, மதுரை, கோவை, நெல்லை ஆகிய இடங்களில் பொதுக் கருவி மையங்கள் அமைத்து, நிரந்தரத் தொழில்நுட்பப் பணியாளர்களை நியமித்து, சுற்றியுள்ள கல்லூரிகளுக்கும் சிறு தொழில்களுக்கும் குறைந்த கட்டணத்தில் திறந்துவிடலாம். அம்பத்தூரிலோ ஓசூரிலோ சிறு பட்டறை வைத்திருப்பவர் தன் உலோகத்தைச் சோதித்துப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்கு வர ஆரம்பித்தால், புதிய ஆய்வுக் கேள்விகள் தாமாக வரும்.

மத்திய அரசின் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, 5 ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்ற இலக்கோடு 2023-இல் சட்டமாக்கப்பட்டது. முன்னணி நிறுவனம் ஒன்றை நடுவமாக வைத்து, மாநிலப் பல்கலைக்கழகங்களை அதனுடன் இணைக்கும் திட்டமும் அதில் உண்டு. நம் பல்கலைக்கழகங்கள் அதற்கு விண்ணப்பிக்கத் துணைவேந்தரின் கையெழுத்தும், நெறியாளராகப் பேராசிரியர்களும் வேண்டும். இரண்டும் இல்லாமல் அந்தப் பணத்தில் நம் பங்கை இழப்போம். 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் சுமார் 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தேடிப் படிக்க எத்தனை கல்லூரி நூலகங்கள் மாணவருக்குப் பயிற்சி கொடுக்கின்றன என்பதையும் உயர்கல்வித் துறை உடனே பார்க்க வேண்டும்.

மாநில அரசு தன் பங்குக்கு, மாவட்டங்களின் கேள்விகளைப் பல்கலைக்கழகங்களின் முன் வைக்கலாம். பாலாற்றுப் படுகையில் நிலத்தடி நீர், திருப்பூர்ச் சாயக் கழிவின் உப்பு, ராமநாதபுரத்துக் கடலோர நிலத்தின் உவர்ப்பு, சென்னையின் வெள்ள வடிகால் என்று கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு நிதியும் ஒரு பல்கலைக்கழகக் குழுவும் ஒதுக்கி, ஆட்சியர் அலுவலகமும் உள்ளாட்சியும் தங்கள் தரவுகளைத் தர வேண்டும் என்று ஆணையிடலாம். இந்தப் பணத்தோடு, யாரும் கேட்காத கேள்விகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதை வலியுறுத்திச் சொல்வேன். வௌவாலுக்கு நேரம் எப்படித் தெரிகிறது என்று 1975-இல் எந்த ஆட்சியரும் கேட்டிருக்க மாட்டார்.

பொதுப்பணத்தில் முடியும் ஒவ்வொரு ஆய்வுக்கும் 2 பக்கத் தமிழ்ச் சுருக்கம் கட்டாயமாகட்டும். என்ன கேட்டோம், எப்படிப் பார்த்தோம், என்ன தெரிந்தது, இன்னும் என்ன தெரியவில்லை என்று பிளஸ் டூ மாணவருக்குப் புரியும்படி எழுதி, மாவட்ட நூலகத்திலும் அரசு மேல்நிலைப் பள்ளிகளிலும் வைக்கலாம். செலவு மிகக் குறைவு. அடுத்த பட்டமளிப்பு விழாவுக்கு முன்பே, சென்னையும் மதுரையும் தங்களிடம் முடிந்த கடைசி 5 ஆண்டு ஆய்வேடுகளிலிருந்து இதைத் தொடங்க முடியும்.